இரண்டாம் பாகத்தில் வந்த பொன்னுரங்கம்

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் தேவானை இட்லிக்கடை வைத்திருந்தாள். கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஓர் அடுப்பு, எதிரெதிரே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். 1974 தீபாவளி கழிந்ததிலிருந்து அந்த இரண்டு பெஞ்சுக்கும் ஒத்துவரவில்லை. காரணம் ‘வேங்கைமலை ஜமீன்’ படத்தின் இரண்டாம் பாகம்.

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பதெல்லாம் அப்போது யாரும் அதிகம் கேள்விப்படாத சங்கதி. முதல் படத்தின் முடிவில் கதாநாயகன் அருவியில் விழுந்து செத்துப்போனான். நாலு வருஷம் கழித்து, அவனுக்கு ஒரு தம்பி உண்டு என்று சொல்லி, அதே நடிகரை மீசையை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? மன்றம் இரண்டாக உடைந்தது. மன்றத் தலைவன் நெடுஞ்செழியன், பஸ் கண்டக்டர், முதல் படத்தின் பக்கம். சைக்கிள் கடை கரீமுல்லா இரண்டாம் பாகத்தின் பக்கம். உலகத்தில் வேறு கவலையே இல்லாதவர்கள் மாதிரி, தினம் காலையில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள்.

“அருவில தலைவர் வுழுந்தப்ப தியேட்டரே அழுதுச்சா இல்லியா? ரெண்டாவதுல எவன்டா அழுதான்?” என்பான் நெடுஞ்செழியன்.

“அழுவறதுக்கா டிக்கெட் எடுத்துக்கினு போறோம்? இதுல டபுள் ஃபைட் கீது, பாட்டு கீது. மொதல் படத்தத் தூக்கி சாப்ட்டுச்சு நைனா.”

“செத்தவன செத்தவனா வுடணும் மச்சி. எழுப்பிக்கினு வந்தா வெளங்காது.”

“செத்தவர் எங்க வந்தாரு? வந்தது தம்பி.”

“மூஞ்சி அதே மூஞ்சிதானே!”

தேவானை இதில் வாயே திறக்க மாட்டாள். சினிமா என்றாலே அவளுக்கு ஆகாது. அவள் புருஷன் பொன்னுரங்கம் எக்ஸ்ட்ரா நடிகன். சந்தையில், திருவிழாவில், கோர்ட்டு சீனில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற ஆள். படம் வந்ததும் அவளை இழுத்துக்கொண்டு போய், கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் தன் முகத்தைக் காட்டி, “அதோ பார், நானு!” என்பான். அவள் பார்ப்பதற்குள் வேறு சீன் வந்துவிடும். அதற்காக அவன் ஒரு தந்திரம் வைத்திருந்தான். கூட்டம் மொத்தமும் கதாநாயகனைப் பார்க்கும்போது, இவன் மட்டும் தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்புவான். “எல்லாரும் பாக்கற பக்கம் பாத்தா நம்மள யாரு பாப்பா?” என்பான். டைரக்டர்களிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

1971 ஐப்பசியில், அடைமழையில், அவன் ஆற்றங்கரை ஷூட்டிங் ஒன்றுக்குக் கிளம்பினான். கண்ணாடி முன்னால் நின்று பவுடர் அப்பிக்கொண்டிருந்தான். தேவானைக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ, “கூட்டத்துல காணாமப் போறதுக்கு இம்மாம் பவுடரா?” என்று கேட்டுவிட்டாள். அவன் பவுடர் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அடையாறு ஆற்றில் வெள்ளம் புரண்டது. அவன் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது.

முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டை இருந்தது. அன்றைக்கு அவன் போட்டுக்கொண்டு போன நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது தோளில் கிழிந்த இடத்தில் தேவானை தன் மாம்பழ மஞ்சள் சேலையில் துண்டு கத்தரித்துப் போட்ட ஒட்டு. இந்த உலகத்தில் அப்படி ஓர் ஒட்டு வேறு எந்தச் சட்டையிலும் கிடையாது. “இவர்தான்” என்றாள். எரித்தார்கள். பத்தாம் நாள் தாலியை அறுத்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பவுடர் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மூன்று வருஷம் ஒண்டியாகவே கடையை நடத்தினாள். எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்த கபாலி, பெண்டாட்டியை இழந்தவன், குடியில்லாத மனுஷன், ஒரு நாள் சுற்றி வளைக்காமல் கேட்டான். “வடபழனி கோயில்ல வெச்சு கட்டிக்கிறேன். ஊரு இன்னா சொன்னா இன்னா?” தேவானை ரொம்ப நாள் யோசித்துத்தான் சரி என்றாள். தை மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். சரி என்று சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியம், இட்லி ஊற்றும்போது பாட்டு முணுமுணுத்தாள். சந்தோஷத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

தி.நகர் தியேட்டரில் ஆண்கள் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும், பெண்கள் வரிசையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அதனால் ரசிகர்கள் தெரிந்த பெண்கள் காலில் விழுந்து டிக்கெட் எடுக்கச் சொல்வது வழக்கம். நெடுஞ்செழியன் கெஞ்சினதில் தேவானை போய் நின்றாள். எடுத்துக் கொடுத்ததற்கு, “நீயும் வந்து பாருக்கா, பாத்துட்டு எது பெரிசுன்னு நீயே தீர்ப்பு சொல்லு” என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

படத்தின் நடுவில் ஒரு தேர்த்திருவிழா. ஜனங்கள் வடம் பிடிக்கிறார்கள். கதாநாயகன் தேர்மேல் தாவி ஏறுகிறான், கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து பார்க்கிறது. ஒரு தலை மட்டும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

பொன்னுரங்கம்.

திரையிலிருந்து அவளையே பார்த்தான். அதுவும் சட்டென்று மறையவில்லை. தேர் நகர நகர அவன் நின்றுகொண்டே இருந்தான். பழுப்பு நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்ததும்தான் தேவானைக்கு உறைத்தது. அவனிடம் அப்படி ஒரு சட்டை இருந்ததே இல்லை. அவன் சட்டை ஒவ்வொன்றையும் கல்லில் அடித்துத் துவைத்தவள் அவள். தெரியாத சட்டையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது யார்? எப்போது? சுற்றிலும் விசில் பறந்தது.

மறுநாள் காலை அவள் வாயைத் திறந்தாள்.

“அந்தத் தேர் சீனு... அது எப்ப எடுத்தது?”

இரண்டு பெஞ்சும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. நெடுஞ்செழியன்தான் முந்திக்கொண்டான். “கேட்டியா கரீமு, அக்காவே கண்டுபுடிச்சிருச்சு! அது மிச்ச ஃபிலிம்க்கா. மொதல் பாகத்துக்கு எடுத்து, நீளம் ஜாஸ்தின்னு வெட்டிப் போட்டத இதுல ஒட்டிக்கினானுங்க. அதனாலதான் சொல்றேன், இது படமே இல்ல, மிச்சம் மீதி.”

“பொய்க்கா. தலைவர் கிருதாவப் பாரு, எம்மாம் நீளம்! போன வருசம் புதுசா எடுத்தது.”

“டேய், கிருதா கீற ஷாட்டுல ஜனம் கீதா? ஜனம் கீற ஷாட்டுல தலைவர் முதுகுதானடா தெரியுது!”

அவர்களுக்கு அது படம். அவளுக்கு அது வாழ்க்கை. மிச்ச ஃபிலிம் என்றால் பொன்னுரங்கம் செத்தவன், தை மாதத்தில் அவள் கபாலி வீட்டுக்குப் போகலாம். புதிதாக எடுத்தது என்றால், எரித்தது யாரை? மறுபடியும் போய்ப் பார்த்தாள். மறுபடியும் அவன் திரும்பினான். சிரிக்கிறானா, கோபமா என்று தெரியாத ஒரு பார்வை. பகல் காட்சி முடிந்து வெயிலுக்கு வந்த பிறகும் பாண்டி பஜார் கூட்டத்தில் யாராவது தலை திருப்பினால் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பொறுக்க முடியாமல் வடபழனிக்குப் பஸ் ஏறினாள். எக்ஸ்ட்ராக்களை ஷூட்டிங்குக்கு அனுப்புகிற ஏஜென்ட் மெஹபூப் அலி, கோயில் பக்கத்து டீக்கடையில்தான் எப்போதும் இருப்பார். அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“தேர் சீனா? அது பழைய ஃபிலிம்மா. எழுபதுல எடுத்தது. நான்தானே ஆள் அனுப்பிச்சேன்.”

தேவானைக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே முருகன் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “அந்தப் பழுப்புச் சட்டை, பாய்? அது அவரோடது இல்லியே.”

மெஹபூப் அலி சிரித்தார். “அது நல்லசிவம் சட்டைம்மா. ஜனம் பத்தலைன்னா இன்னா பண்ணுவோம்? ஒரு ஷாட்டு முடிஞ்சதும் ஒருத்தன் சட்டைய இன்னொருத்தன் மாட்டிக்கினு அந்தாண்ட போய் நிப்பான். பாக்கறவனுக்கு வேற ஆளு மாரி தெரியும். உன் புருஷனும் நல்லசிவமும் ஒரே அளவு, எப்பவும் ஜோடியா மாத்திக்குவாங்க. அந்த நீலச் சட்ட மேல நல்லசிவத்துக்கு ரொம்ப ஆசை. கடைசியா ஆத்தங்கரை ஷூட்டிங்லகூட அதத்தான் மாட்டிக்கினான். அதோட சரி, சட்டையும் வரல, ஆளும் வரல. சொந்த ஊரு திர்னேலிக்கு ஓடிட்டான்னு நெனச்சோம். அப்புறம் அவன் பொண்டாட்டி தேடிக்கினு வந்தா. இசக்கியம்மாளோ இன்னாவோ பேரு. பாவம், வருசா வருசம் தைப்பூசத்துக்கு இங்க வந்து என்னாண்ட அழுதுட்டுப் போவுது.”

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. அந்த உடலை எதை வைத்து அடையாளம் சொன்னாள் என்பது மெஹபூப் அலிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

“அன்னிக்கு அவர் எப்பிடிப் போனாரு, பாய்?”

“யாருக்குத் தெரியும்? மழையில ஷூட்டிங் கலைஞ்சு ஆளுக்கொரு பக்கம் போய்ட்டாங்க. சாயங்காலம் மைசூருக்கு ஒரு யூனிட் லாரி போச்சு, ஆள் பத்தாம கண்ணுல பட்டவனையெல்லாம் ஏத்திக்கினானுங்க. உன் புருஷன்தான் பாவம் ஆத்தோட போய்ட்டானே, ஏம்மா?”

தேவானை பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். வடபழனியிலிருந்து எந்த பஸ்ஸில் வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

கபாலியிடம் மட்டும் சொன்னாள். அவன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

“மூணு வருசமா வராதவன் எனக்கு செத்தவன்தான். ஆனா ஊருக்கும் அப்பிடியே இருக்கட்டும். நீ அந்தப் பொம்பளையாண்ட வாயத் தொறந்தா, அவ தாலி போயிடும், உன் புருஷன் உசுரோட வந்துடுவான். அப்புறம் நான் எங்க கட்டறது? வேணாம் தேவான.”

அவன் சொன்னதில் தப்பில்லை. இருப்பது ஒரே சாவு. அதை இவள் வைத்துக்கொண்டால் அவள் சுமங்கலி, அவளிடம் கொடுத்துவிட்டால் இவள் சுமங்கலி. இப்படி ஒரு கேடுகெட்ட கணக்கை எந்தக் கடவுள் போட்டானோ, எனக்கே கோபம் வருகிறது. தேவானை வாயைத் திறப்பதில்லை என்றுதான் முடிவு செய்தாள்.

ஆனால் தைப்பூசத்தன்று கால்கள் தாமாகவே வடபழனிக்குப் போயின. முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். காவடிக் கூட்டத்துக்கு நடுவில், டீக்கடை வாசலில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு மெலிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். தாலிச் சரட்டில் அப்போதுதான் மஞ்சள் பூசியிருந்தாள். அந்த ஈர மஞ்சளைப் பார்த்ததும் தேவானையால் திரும்பிப் போக முடியவில்லை.

“நானும் எக்ஸ்ட்ரா ஒருத்தரோட சம்சாரந்தாம்மா. உன் வூட்டுக்காரர் ஒரு படத்துல வர்றாரு. பாக்கறியா?”

அவன் அதில் வருகிறானா என்று தேவானைக்கு நிச்சயமாகத் தெரியாது. சட்டை மாற்றினவன் எதிர்ப்பக்கம்தானே நின்றிருக்க வேண்டும்? இரண்டு தடவை பார்த்தும் அவள் புருஷனை விட்டு அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. பகல் காட்சிக்கு இருவரும் பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போனார்கள். தேர் வந்தது. பொன்னுரங்கம் திரும்பினான். தேவானை இந்தத் தடவை அவனைப் பார்க்கவில்லை. தேர் தாண்டி, எதிர்ப்பக்கத்து ஜனம் வந்தது. அதில் நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது தோளில் மாம்பழ மஞ்சள் ஒட்டு. அதற்கு மேலே, விடைத்த காதும் சிரித்த வாயுமாக, அவள் இதுவரை பார்த்தே இராத ஓர் இளைஞன்.

மூன்று வருஷமாக அவள் அழுதது இவனுக்காக. சுடுகாட்டுக்கு அனுப்பும்முன் அவள் தொட்டுக் கும்பிட்டது இவன் காலை. அவனுக்கு ஒரு முகம் இருந்ததை இப்போதுதான் பார்க்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

இசக்கியம்மாள் அவள் கையை இறுகப் பற்றினாள். “அவியதான்! யக்கா, அவியதான்!” பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பி, “இது புதுப் படமாங்க?” என்று கேட்டாள்.

“தீபாவளி ரிலீஸும்மா. ரெண்டாம் பாகம்” என்று எவனோ உற்சாகமாகச் சொன்னான்.

“பாத்தியளா! உசிரோடதான் இருக்காவ! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!” இருட்டில் அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தேவானை கணக்குப் போட்டாள். இப்படியே விட்டுவிடலாம். இவளுக்குப் புருஷன் கிடைத்துவிட்டான். தனக்குக் கபாலி. யாருக்கு என்ன நஷ்டம்?

வெளியே வந்ததும் இசக்கியம்மாளின் நடை தளர்ந்தது. தியேட்டர் வாசலில் நின்றுவிட்டாள்.

“யக்கா, ஒண்ணு கேக்கேன். அந்தச் சட்டையில ஒட்டுப் போட்டிருக்கு, பாத்தியளா? சேலைத் துணி. எவ்வளவு பாசமாப் போட்டிருக்கா. இங்ஙன அவியளுக்கு வேற பொம்பளை இருக்காளோ? அதாம் என்னைத் தேடி வரலியோ?”

வேண்டாதவளாகக் கைவிடப்பட்டேனோ என்ற அந்தக் கேள்வி, தேவானையின் நெஞ்சில் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்த அதே கேள்விதான். அதை இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டு இவள் மணையில் உட்கார முடியுமா? முடியவில்லை.

“அந்த ஒட்டு நான் போட்டதும்மா” என்றாள். “அது என் புருஷன் சட்டை. இது பழைய படம். உன் வூட்டுக்காரர் உன்னைய வுட்டுட்டுப் போவல. அவர நான்தான் எரிச்சேன்.”

பஸ்களும் ஆட்களும் போய்க்கொண்டிருந்த அந்த நடைபாதையில் இரண்டு பெண்களும் உட்கார்ந்து அழுதார்கள். படம் அவ்வளவு சோகமா என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

தை கழிந்தது. கபாலி சண்டை போடவில்லை. இஸ்திரி வண்டியையும் நகர்த்தவில்லை. எப்போதும்போல வந்து நாலு இட்லி தின்றான். கல்யாணப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பெஞ்சுக் கட்சிகள் அவளைத் தீர்ப்புக்கு அழைத்தன.

“நீ சொல்லுக்கா. மொதல் படமா, ரெண்டாவதா?”

“மொதல் படந்தான்” என்றாள் தேவானை. “ரெண்டாவத நான் பாத்திருக்கவே கூடாது.”

நெடுஞ்செழியன் பெஞ்சு மேல் ஏறி விசில் அடித்தான். கரீமுல்லா அன்றைக்குச் சட்னியே தொட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எந்தப் புதுப் படம் வந்தாலும் பெண்கள் வரிசையில் தேவானையைப் பார்க்கலாம். கதை, பாட்டு, சண்டை எதுவும் அவளுக்குத் தேவையில்லை. சந்தை வந்தால், திருவிழா வந்தால், கல்யாணக் கூட்டம் வந்தால் முன்னால் சாய்ந்து உட்காருவாள். முன்வரிசையில் யாராவது தலையைத் தூக்கினால் திட்டுவாள். காணாமப் போறதுக்கு இம்மாம் பவுடரா என்று கேட்ட வாயால், இப்போது திரைப்பக்கம் பார்த்து, “எங்க கீற, எங்க கீற” என்று முணுமுணுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் பயந்து இடம் மாறிக்கொள்வார்கள்.

1977இல் மைசூர் பக்கம் எடுத்த ஒரு படம் வந்தது. அதில் ஒரு தசரா ஊர்வலம். யானை வருகிறது, மொத்த ஜனமும் யானையைப் பார்க்கிறது. கடைசி வரிசையில் ஒரு தலை மட்டும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

தேவானை எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை. அவள் அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. மிச்ச ஃபிலிமில் யாருக்கும் நரைப்பதில்லை.